உள்ளுறைப் படிமம்

(கொங்கு நாடும் ஒளிப்படக் கலையும் என்னும் பொருளில் இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



படிமம் என்னும் சொல் கோவைக் கவிஞர்களுக்குப் புதியதன்று. 1971ஆம் ஆண்டு இந்நகரிலிருந்து 'வானம்பாடி' சிறகு விரித்த நாள் முதலாக, படிமம் எது, உவமை எது, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று எத்தனையோ கூட்டங்களில் வாதிட்டாயிற்று. அதே சொல்லை வேறொரு கூட்டத்தார் இருட்டறையில், கைகளில் மருந்து நெடியோடு, முற்றிலும் வேறு பொருளில் ஆண்டு வந்தனர் என்பதைக் கவிதை உலகம் அதிகம் கவனித்ததில்லை.

ஒளிப்படச் சுருளின் மீது ஒளி பட்ட கணத்திலேயே படிமம் உண்டாகிவிடுகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளி உப்பின் துகள் ஒவ்வொன்றிலும் ஒருசில அணுக்களே வெள்ளியாக மாறிச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். பின்னர் உருத்துலக்கும் கரைசலில் இடும்போது, அந்தச் சில அணுக்களை வித்தாகக் கொண்டு துகள் முழுவதும் கரிய வெள்ளியாக மாறுகிறது. ஒளி பட்ட பின்னும் கரைசலில் இடுவதற்கு முன்னும் உள்ள அந்த நிலையை, மறைந்திருக்கும் படிமம் என்று பொருள்படும் பெயரால் மேலை நாட்டார் குறிப்பர். தமிழில் அதற்கு உள்ளுறைப் படிமம் என்று பெயரிட்டால் தகும். சொல்லப்பட்டது மரமும் பறவையும். சொல்லப்படாதது தலைவியின் நெஞ்சம். கேட்போன் அறிவு என்னும் கரைசலில் இட்டாலன்றித் துலங்காத அந்த உள்ளுறை உவமத்துக்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர்.

கேமரா வைத்திருப்போர் நால்வர் கூடினால் பேச்சு இவ்வளவு உயரத்தில் நடப்பதில்லை என்பதும் உண்மை. நிக்கான் நல்லதா, கேனான் நல்லதா. ஜூம் வில்லை வாங்கலாமா, ஒரே குவியத் தூரமுடைய வில்லையே போதுமா. முக்காலி தூக்கிச் சுமப்பது வீண் வேலையா என்று பேச்சு நள்ளிரவு வரை நீளும். இலக்கியவாணர்கள் இதனைக் கேட்டு முறுவலிப்பதுண்டு. முறுவலிக்க அவர்களுக்கு உரிமையில்லை. வெண்பாப் பாடுவோர் இருவர் சந்தித்தால் தளை தட்டிற்றா இல்லையா என்பதைத்தானே பேசுகின்றனர்?

அந்தப் பேச்சில் புதியவரைக் குழப்புவது துளையின் எண். எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்பது ஏறுக்கு மாறாகத் தோன்றும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய பழைய தலைமுறையாருக்கு இதில் குழப்பமே நேர்ந்திராது. ஏனெனில் அவை யாவும் கீழ்வாய் இலக்கங்கள். துளையின் விட்டம் குவியத் தூரத்தில் கால் பங்கானால் அதன் எண் 4. அரைக்கால் பங்கானால் 8. வீசம் பங்கானால் 16. அரைவீசம் பங்கானால் 32. ஐம்பது மில்லிமீட்டர் வில்லையை 8இல் வைத்தால் துளையின் விட்டம் ஆறேகால் மில்லிமீட்டர். அரைக்காலிலிருந்து வீசத்துக்கு வந்தால் விட்டம் பாதியாகும். உள்ளே புகும் ஒளியோ காலாகிவிடும். தமிழில் இத்தனை நுட்பமான பின்னப் பெயர்கள் இருந்தும், ஒளிப்படம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் 'எஃப் சிக்ஸ்டீன்' என்று சொல்லியே பழகிவிட்டனர். வீசத்தில் வை, அரைக்காலில் வை என்று சொன்னால் பயிலும் பிள்ளைக்குக் கணக்கும் சேர்ந்து விளங்கும்.

வீசத்தில் வைத்தால் அருகிலுள்ள சோளத்தட்டும் தொலைவிலுள்ள வெள்ளியங்கிரி மலையும் ஒருங்கே தெளியும். காலில் வைத்தால் சோளக்கதிர் மட்டும் நிற்க, மலை கரைந்து நீலப் புகையாகிவிடும். எதனைத் தெளிய விடுவது, எதனைக் கரைய விடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் இயந்திரம் ஒதுங்கிக்கொள்ள மனிதன் முன்னே வருகிறான்.

நல்ல வெயிலில் கருவியே வேண்டாத கணக்கு ஒன்றும் உண்டு. சுருளின் வேகம் 100 எனில், துளையை வீசத்தில் வைத்து, ஷட்டரை ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு திறந்தால் போதும், படம் தவறாது. உலகெங்கும் வழங்கும் இக்கணக்கு கொங்கு நாட்டிலும் பொருந்தும். ஆயினும் படம் நன்றாக வருமா என்பது வேறு கேள்வி. கோவை ஏறத்தாழ பதினொன்றாம் பாகை வடக்கில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்தை ஒட்டியும், மீண்டும் ஆவணித் தொடக்கத்திலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். தலைப்பாகைக்குக் கீழே கண்கள் இரண்டும் கரிய குழிகளாகும். அளவு சரியாக இருந்தும் முகம் இல்லாத படம் வரும்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது ஒளிப்படக்காரருக்கென்றே சொன்னது போலிருக்கிறது. கருப்பொருளாகிய மானும் மயிலும் எவ்வளவு அழகாயினும், பொழுது தப்பினால் படம் தப்பிற்று. நண்பகலைப் பாலைக்கு வைத்த புலமை, வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும். விடியலும் எற்பாடும் ஒளிப்படக்காரர் விரும்பும் பொழுதுகள். கதிர் சாய்வாக விழ, உழவுச் சாலின் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு நிழல் கிடைக்கும் பொழுதுகள் அவை. கொங்கு நாட்டிலோ ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்றும் கணக்கில் சேரும். பல்லடத்தின் பக்கம் தென்னையைப் படமெடுப்பவர் ஷட்டரை வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்தால் கீற்றெல்லாம் இழுபட்டுப் போகும். ஐந்நூற்றில் ஒரு பங்கு வைத்தால் காற்றே இல்லாதது போலத் தோன்றும். காற்றைக் காட்ட விரும்புபவர் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் தேட வேண்டும்.

வெளிச்சமானி பற்றியும் ஒரு சொல். அது எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கருதும். கொக்கை அளந்தால் கொக்கு சாம்பலாகும். ஆதலின் மானி சொல்வதைவிடக் கூடுதலான ஒளி கொடுக்க வேண்டும். காட்டெருமையை அளந்தால் அதுவும் சாம்பலாகும். ஆதலின் குறைக்க வேண்டும். திமில் கறுத்து, உடல் வெளுத்து நிற்கும் காங்கேயம் காளை ஒன்றைப் பிசகின்றி எடுத்துவிட்டவர் இப்பாடத்தில் தேறியவர்.

மனித முகத்தில் வரும்போது இந்தப் பிழை வெறும் பிழையாக நிற்பதில்லை. வண்ணச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம், அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே வைத்திருந்தது. அவற்றுக்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோலுக்கு இசைவாகவே சுருளின் வேதியியலும் அமைந்தது. கறுத்த முகங்கள் அதில் விவரமிழந்து போயின. கரிய நிறங்களைச் சுருள் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் தயாரிப்பாளர்கள் முறையிட்ட பின்னரே திருத்தம் வலுப்பெற்றது என்பது சுவையான செய்தி, கசப்பான செய்தியும்கூட. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களோ வேறு வழி கண்டன. எதிர்ப்படத்தின் மீது பென்சிலால் தடவித் தடவி, வெயிலில் உழுத முகத்தை வெளுக்கச் செய்து, திருமணத் தரகரிடம் கொடுத்தனுப்பின. கணினி வந்தபின் பென்சில் போயிற்று, வழக்கம் போகவில்லை.

இப்பகுதிக்கு ஒளிப்படம் வந்த வரலாறு பழையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1857, 58ஆம் ஆண்டுகளில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென்னாட்டைச் சுற்றினார். சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைக் காட்சிகள் தனித் தொகுதியாக 1858இல் வெளிவந்தன. அதனினும் பெரிய பணியைத் தஞ்சையில் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தமிழ் எழுத்தை வாசிக்க அறியாத ஒருவர், ஒரு வரியும் விட்டுப்போகாதபடி அதைப் பதிந்திருக்கிறார். ஹுல்ட்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளை அச்சில் வெளியிடத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர். ட்ரைப்பின் பணியை ஆளுநர் ட்ரெவெல்யன் ஆடம்பரச் செலவு என்று சொல்லி நிறுத்திவிட்டார். சிக்கனம் எப்போதும் கலையின் கழுத்தில்தான் முதலில் கை வைக்கும் போலும்!

கோவையில் அசையும் படம் முந்திக்கொண்டது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படம் காட்டும் தொழிலைத் தொடங்கி, 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அப்பெயர் ஒரு சாலைக்கே பெயராயிற்று. பிறகு சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ. இவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஜி. டி. நாயுடு அவர்களின் கேமராப் பித்து போதிய அளவு பேசப்பட்டதாகத் தெரியவில்லை. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்து, பேருந்தும் மின்மோட்டாரும் சவரக் கத்தியும் செய்த அந்த மேதை, சென்ற நாடுகளிலெல்லாம் படமெடுத்தார். 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே திரைப்படச் சுருளில் பதிந்தார். படக் கருவிக்குத் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். கருவி கையில் கிடைத்தால் அதனை அவிழ்த்துப் பார்க்காமல் விடாத கொங்கு நாட்டு இயல்பு அது.

அவிழ்த்துப் பார்த்தவர் இன்னொருவரும் உண்டு. அவர் கொங்கு நாட்டவர் அல்லர். ஆயினும் முதுமலையின் யானைகளுக்கு அவரைவிட நெருங்கிய தமிழ் எழுத்தாளர் எவருமிலர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன் மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தார். தந்தை 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டிப் பேசிய உடனே, அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று. மகன் தாவரவியல் படித்தார், சட்டம் படித்தார், ஓவியம் தீட்டினார், சந்தூர் சமஸ்தானத்தில் பணி செய்தார். இறுதியில் எவரிடமும் ஊதியம் பெறாது எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்வதென முடிவு செய்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996இல் அவர் மறையும் வரை நின்றதில்லை. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தவர் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் என்பதால், கொங்கு நாடு அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டது என்று கொள்ளலாம்.

கிருஷ்ணனின் கேமரா ஒளிப்படக்காரரிடையே ஒரு கதையாகவே உலவியது. ஒரு கருவியின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் தாமே பொருத்தி உருவாக்கிய பளுவான சாதனம் அது. 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். சிறிய, விரைவான, விலையுயர்ந்த கருவிகள் கடைகளில் குவிந்த காலத்திலும் அதை அவர் விடவில்லை. வண்ணச் சுருளுக்கும் மாறவில்லை. காட்டு விலங்கைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதே முறை என்று நின்றார். இதனைப் பிடிவாதம் என்றோரும் உண்டு. ஆனால் அந்தப் படங்களின் முன் நின்றால், வாதம் மெல்ல ஓய்ந்துபோகும். யானையின் தோல் மடிப்புகளும், அதன் மேல் அப்பிய சேறும், காதின் விளிம்புக் கிழிசலும் வண்ணத்தின் தயவின்றி அங்கே நிற்கின்றன. யானை ஓர் அலங்காரமாக இல்லை. இன்ன யானை என்று அடையாளம் சொல்லத்தக்க தனியொரு விலங்காக இருக்கிறது.

அவ்வாறு எடுக்க யானைக்கு அருகே போக வேண்டும். நீண்ட குவியத் தூரமுடைய வில்லை அந்த வேலையைக் குறைக்கும். ஆனால் தொலைவைச் சுருக்கும்போது இடத்தையும் தட்டையாக்கிவிடும். யானைக்கும் அதன் பின்னுள்ள மூங்கிலுக்கும் இடையே உள்ள வெளி காணாமற்போகும். கால்நடையாகவும், வளர்ப்பு யானையின் முதுகிலும் சென்று கிருஷ்ணன் நெருங்கினார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, கூட்டத்தில் கன்று உண்டா, தலைவியான பிடி எங்கே நிற்கிறது என்பவற்றை அறியாதவன் ஓரடி எடுத்து வைக்க முடியாத வேலை அது. 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக்கியது. படமெடுத்தவரும் ஆய்ந்தவரும் எழுதியவரும் ஒருவரே. அறிந்ததன் பின் எடுத்தார்; எடுத்ததைக் கொண்டு மேலும் அறிந்தார்.

இன்று அத்தனை அறிவும் இன்றிப் படமெடுக்க முடிகிறது. அதுவே கவலைக்கிடமாயிற்று. ஆனைமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சியின் இல்லறம் விந்தையானது. பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, ஒரு சிறு கீறலை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். பல வாரங்கள் ஆண் பறவை கொணரும் பழமே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. பொந்தின் எதிரே நீள வில்லைகளுடன் பத்துப் பேர் காத்திருந்தால் ஆண் அஞ்சி அருகே வராது; உள்ளிருப்பவை பட்டினி கிடக்கும். வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்கு வாழைப்பழம் காட்டிப் படமெடுப்போரும் இதே குற்றத்தைச் சிரித்துக்கொண்டு செய்கின்றனர். பழம் தின்னப் பழகிய குரங்கு சாலைக்கு வரும். சாலையில் வண்டிகள் வரும். அப்படத்தைப் பார்த்துக் கவிதை எழுதுவோரும் அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்டால் தவறில்லை.

கோவையிலிருந்து மலையேறினால் உதகை. ஆசிய நாடுகளிலே ஒளிப்படச் சுருள் தயாரித்தவை மிகச் சில. அவற்றுள் இந்தியாவும் ஒன்று என்னும் பெருமையைத் தந்தது அங்கு 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. தூசியற்ற காற்றும் குளிர்ந்த தட்பமும் வேண்டும் என்பதால் மலையுச்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. சுருளுக்கு வைத்த பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலவு. வெள்ளி உப்பினால் செய்யும் பொருளுக்கு அதனினும் நல்ல பெயர் கிடைத்திராது. கறுப்பு வெள்ளைச் சுருள், அச்சுத்தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ் கதிர்ச் சுருள் ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் போயின.

அந்த ஆலையின் வேலை இருளில் நடப்பது. எல்லா நிறத்துக்கும் கூருணர்வுடைய பசையைப் பூசும் கூடத்தில் சிவப்பு விளக்கும் ஆகாது. கைத்தடவலிலும் பழக்கத்திலும் வேலை செய்த தொழிலாளர்கள், நாடெங்கும் மற்றவர்கள் காணவிருந்த காட்சிகளுக்கு வேண்டிய பரப்பைத் தாம் காணாமலே ஆக்கித் தந்தனர். எண்பதுகளில் வண்ணம் சந்தையைப் பிடித்தது. புதிய விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அது அறிவிக்கப்பட்டது, பின் நெடிய இழுபறி, ஊதிய நிலுவை, இறுதியில் மூடல். எண்முறைக் கேமராவை 1975இல் தன் கூடத்திலேயே செய்து பார்த்த கோடாக் நிறுவனமே 2012இல் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது என்பதால், உதகை ஆலையின் வீழ்ச்சியை முழுவதும் நிர்வாகத்தின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் இருபது முப்பது ஆண்டுகள் இருளில் உழைத்தோர் குடும்பங்களுக்கு உலகப் போக்கு என்னும் விளக்கம் எந்த அளவுக்கு ஆறுதல் தரும் என்பதை அவையோர் ஊகித்துக்கொள்ளலாம்.

1897ஆம் ஆண்டு ஆண்ட்ரே என்னும் சுவீடன் நாட்டவர் இரு தோழருடன் ஆவிக்கூண்டில் வடதுருவம் நோக்கிப் பறந்தார். மூவரும் திரும்பவில்லை. 1930இல் ஒரு பனித்தீவில் அவர்களுடைய உடல்களும், அவற்றினிடையே படச்சுருள்களும் கிடைத்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் பனியில் கிடந்த சுருள்களைத் துலக்கியபோது, ஏறத்தாழ 240 படங்களில் 93 மீண்டன. பனிப்பாறையின் மேல் சரிந்து கிடக்கும் ஆவிக்கூண்டும், அதை நோக்கி நிற்கும் இருவரும் அவற்றுள் ஒன்றில் தெளிவாகத் தெரிகின்றனர்.

கொங்கு நாட்டின் வெயில் அத்தகைய பனியன்று. படிமத்தை அது விரைவாகவே அரிக்கும். ஆயினும் பழைய வீடுகளின் பீரோக்களில், நகைப்பெட்டிக்கு அடியில், எவரோ எடுத்து எவரும் கழுவாது விட்ட 'இந்து' சுருள் ஒன்று கிடக்கக்கூடும். அத்தகைய சுருள் கைக்கு வந்தால் ஆவலினால் இழுத்துப் பார்த்தல் கூடாது. இழுத்த கணத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். ஈரம் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவத் தெரிந்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தேர்ந்தவர் இருட்டறையில் முதலில் அதன் முனையில் நான்கு விரற்கடை வெட்டித் துலக்கிப் பார்த்து, அதன் பிறகே மீதியைக் கரைசலில் இடுவார்.